உங்களுக்குத் தெரியுமா? – கடப்புறத்துப் பூனைகள்

● "பூச்ச நாலு குட்டி போட்டிருக்கு. கண்ணு முழிச்சதும் சாக்குல கெட்டிக் கடப்புறத்துல கொண்டு விட்டுருவோம் மக்ளே, மீனத் தின்னு பிழச்சுக்கிடும்." நாஞ்சில் நாட்டில் இந்தப் பேச்சைக் கேட்காத தெரு இருக்காது (கடப்புறம் என்றால் கடற்கரை). சொல்பவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. குட்டி எங்கேயாவது பிழைக்கும் என்று உண்மையிலேயே நம்புகிறவர்கள். ஆனால் பெரும்பாலான குட்டிகள் பிழைப்பதில்லை. அமெரிக்காவின் வட கரோலினாவில் தெருப்பூனைக் குட்டிகளைத் தொடர்ந்து கவனித்தபோது, நூற்றுக்கு 75 குட்டிகள் ஆறு மாதம் நிறைவதற்குள் செத்தன அல்லது காணாமல் போயின. அவை தெருவிலேயே பிறந்து தாயின் கூடவே வளர்ந்த குட்டிகள். தாயைப் பிரித்துச் சாக்கில் கட்டிக் கொண்டுபோய் விட்டவற்றின் கதி இதைவிட மோசமாகத்தான் இருக்கும்.

● பூனையைக் கொன்றால் பெரும்பாவம், பொன்னில் பூனை செய்து தானம் கொடுத்தாலும் தீராது என்பார்கள் பெரியவர்கள். அந்த பயம் எத்தனையோ பூனைகளைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் கொண்டுபோய் விடுவதை அது தடுக்கவில்லை. சட்டம் தடுக்கிறது. 1960-ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம், பசியாலும் தாகத்தாலும் துன்பப்படும் நிலையில் ஒரு விலங்கைக் கைவிடுவதைக் குற்றம் என்கிறது. முதல் முறை பிடிபட்டால் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய்வரை. அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் இந்தத் தொகையை உயர்த்தாமல் வைத்திருப்பது வெட்கக்கேடு.

● கொல்வது வேறு குற்றம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவுப்படி, ஒரு விலங்கைக் கொன்றாலோ, விஷம் வைத்தாலோ, முடமாக்கினாலோ ஐந்து ஆண்டுவரை சிறை. மீனில் எலிமருந்து கலந்து வைக்கிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய எண் இது.

● குளிர்நாட்டுப் பூனைகள் பகல் குறுகும் மாதங்களில் பருவத்துக்கு வருவதில்லை. வெளிச்ச நேரம் கூடும்போதுதான் அவற்றின் உடல் இனப்பெருக்கத்துக்குத் தயாராகும். கன்னியாகுமரி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே எட்டே டிகிரியில் இருக்கிறது. இங்கே ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். ஆகவே நம்மூர்ப் பூனைக்கு ஓய்வு மாதமே கிடையாது. நாலைந்து மாதத்திலேயே பெட்டைக் குட்டி பருவத்துக்கு வந்துவிடும். சினைக்காலம் ஒன்பது வாரம். குட்டிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த சினை பிடிக்கலாம்.

● கறுப்பு, வெள்ளை, செம்மஞ்சள் மூன்றும் கலந்த பூனை ஏறத்தாழ எப்போதும் பெட்டைதான். கருத்தடைக்கு எதை முதலில் பிடிப்பது என்று குழம்பினால் அந்த மூவண்ணப் பூனையில் தொடங்கலாம்.

● தெருவிலங்குகளைக் கொல்லாமல் கருத்தடை செய்து பிடித்த இடத்திலேயே விடும் முறைக்கு இந்தியாவில் வழிகாட்டியது சென்னை. விமானி கேப்டன் வி. சுந்தரமும் குடும்பத்தாரும் 1959-இல் தொடங்கிய ப்ளூ கிராஸ், 1964-லேயே தெருநாய்களுக்குக் கருத்தடை செய்யத் தொடங்கிவிட்டது. மாநகராட்சியோ 1860 முதல் நாய்களைப் பிடித்துக் கொன்றுவந்தது. நாய் குறைந்ததா? 1990-களின் நடுவில் ஒரு நாளைக்கு 135 நாய்கள்வரை கொல்ல வேண்டிய நிலைக்குப் போயிற்று. கொன்றதால் குறையவில்லை என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டாம். சுந்தரத்தின் மகன் சின்னி கிருஷ்ணா இந்தக் கணக்கை ஆண்டுக்கணக்கில் எடுத்துச் சொல்லிக்கொண்டே இருந்தார். 1996-இல் மாநகராட்சி கொலையை நிறுத்திக் கருத்தடைக்கு வந்தது. 2001-இல் அது நாடு முழுமைக்குமான விதியாயிற்று. 2023 மார்ச்சில் வந்த விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் அதன் இடத்தைப் பிடித்தன.

நாய்க்கு இவ்வளவு நடந்தது. பூனைக்கு மும்பை போன்ற ஒருசில மாநகராட்சிகள்தான் கருத்தடைத் திட்டம் வகுத்தன. பூனை கூட்டமாகத் துரத்துவதில்லை, கடித்துச் செய்தியில் வருவதில்லை. அதனாலேயே யார் கணக்கிலும் அது இல்லை.

● மேலே சொன்ன 1960-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு வித்திட்டவர் கலாக்ஷேத்ராவின் ருக்மிணி தேவி அருண்டேல். மாநிலங்களவையில் தனிநபர் மசோதாவாக அவர் கொண்டுவந்த முயற்சிதான் பின்னர் அரசின் சட்டமாயிற்று. 1962-இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. வாரியத்தின் தலைமையகம் நெடுங்காலம் சென்னையில்தான் இருந்தது.

● கொன்றால் ஏன் குறைவதில்லை? ஆஸ்திரேலியாவின் தாஸ்மானியாவில் இரண்டு காட்டுப் பகுதிகளில் ஓராண்டுக்கு மேல் பூனைகளைப் பிடித்து அகற்றிக்கொண்டே, தானியங்கிக் கேமராக்களை வைத்து எண்ணிக்கையைப் பார்த்தார்கள். 2015-இல் வெளியான முடிவு அவர்களையே திகைக்க வைத்தது. ஓரிடத்தில் பூனைகள் 75 விழுக்காடு கூடியிருந்தன, இன்னோரிடத்தில் 211 விழுக்காடு. எல்லையைக் காத்துவந்த பெரிய பூனைகள் போனதும் சுற்றுவட்டாரத்து இளம்பூனைகள் உள்ளே வந்துவிட்டன என்பதே அவர்கள் கண்ட விளக்கம். இரை இருக்கிறது, இடம் காலியாக இருக்கிறது. வராமல் என்ன செய்யும்?

● கொன்று ஒழித்த இடமும் உண்டு, மறைப்பதற்கில்லை. தென்னாப்பிரிக்காவுக்குச் சொந்தமான மரியான் தீவில் 1949-இல் எலி பிடிக்க ஐந்து பூனைகளைக் கொண்டுபோனார்கள். 1977-இல் அவை ஏறக்குறைய 3,400. கடற்பறவைகளை லட்சக்கணக்கில் தின்று தீர்த்தன. நோய்க்கிருமியைப் பரப்பி, பிறகு துப்பாக்கியும் பொறியுமாக வேட்டையாடி, கடைசிப் பூனையை ஒழிக்க 1991 ஆயிற்று. அதன் பிறகு சுண்டெலிகள் பெருகி ஆல்பட்ராஸ் குஞ்சுகளை உயிரோடு கடித்துத் தின்னத் தொடங்கின என்பது அந்தக் கதையின் மிச்சம். மனிதர் குடியிருக்காத, வெளியிலிருந்து ஒரு பூனையும் வர முடியாத தீவிலேயே பதினான்கு ஆண்டு பிடித்தது. நம்மூர் வடசேரிச் சந்தைக்கும் குளச்சல் துறைமுகத்துக்குமோ எந்த ஊரிலிருந்தும் யார் வேண்டுமானாலும் ஒரு சாக்கைக் கொண்டுவந்து அவிழ்த்துவிடலாம்.

● நம் கடற்கரைக்கு நெருங்கிய முன்மாதிரி ஒன்று அமெரிக்காவில் இருக்கிறது. மாசச்சூசட்ஸ் மாநிலத்தில் மெரிமாக் ஆறு கடலில் சேரும் இடத்தில் நியூபரிபோர்ட் என்ற சிறு துறைமுக நகரம். மீனும் உண்டு, சுற்றுலாப் பயணிகளும் உண்டு. 1992-இல் அதன் கரையோரத்தில் மட்டும் சுமார் 300 பூனைகள். பயணிகள் முகம் சுளிக்கிறார்கள் என்று கடைக்காரர்கள் குமுறினார்கள். பிடித்து அப்புறப்படுத்தினால் மறுபடி பெருகுகிறது என்பதைக் கண்டு, உள்ளூர்த் தன்னார்வலர்கள் பொறுப்பை ஏற்றார்கள். பழகும் பூனைகளையும் குட்டிகளையும் வீடுகளுக்குக் கொடுத்தார்கள். மனிதரைக் கண்டால் சீறும் பூனைகளுக்குக் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட்டார்கள். கரை நெடுக உணவு வைக்கும் இடங்களைக் குறித்து, ஒவ்வொன்றுக்கும் ஆள் போட்டார்கள்.

அந்தக் கடைசி ஏற்பாட்டில்தான் வெற்றி இருக்கிறது. தினமும் ஒரே நேரத்தில் ஒரே ஆள் சோறு வைத்தால் எந்தப் பூனை வரவில்லை, எது புதிது என்று உடனே தெரிந்துவிடும். புதிதாக வந்ததை அந்த வாரமே பிடித்துக் கருத்தடைக்கு அனுப்பலாம். அங்கே கூட்டம் ஆண்டுதோறும் முதுமையில் கரைந்தது. 2009 டிசம்பரில் ஸாரோ என்ற கடைசிப் பூனையும் இறந்தது. முந்நூறு பூனைகளின் கூட்டம் பதினேழு ஆண்டில் இல்லாமல் போயிற்று.

ஃப்ளோரிடாவில் ஒரு பல்கலைக்கழக வளாகத்திலும் இதே வழி. 1991 முதல் 2002 வரை மொத்தம் 155 பூனைகளைப் பதிவு செய்தார்கள். ஏறக்குறைய பாதிக்கு வீடு கிடைத்தது. இறுதியில் வளாகத்தில் மிஞ்சியவை 23. 1995-க்குப் பிறகு அங்கே ஒரு குட்டியும் பிறக்கவில்லை.

● பிடிப்பது எப்படி? எலிக்கூண்டு போதாது. பூனை முழுதாக உள்ளே போய் நிற்கும்படி நீளமான கம்பிக்கூண்டு வேண்டும். மிதித்தால் கதவு விழ வேண்டும். இரைக்குச் சுட்ட கருவாட்டுக்கு இணை எதுவும் இல்லை. முந்தைய இரவிலிருந்து சோறு வைக்கக் கூடாது. மயக்க மருந்துக்கு வெறும் வயிறு தேவை என்பது ஒரு காரணம், பசியில்லாத பூனை கூண்டைத் திரும்பியும் பாராது என்பது இன்னொன்று. (சிறு குட்டிகளை நெடுநேரம் பட்டினி போடக் கூடாது, அவற்றுக்கு இரண்டு மூன்று மணி நேரம் போதும்.) கதவு விழுந்ததும் பூனை கூண்டையே தூக்கிப் போடுவதுபோலத் துள்ளும். மூக்கை இடித்து ரத்தம் வரவைத்துக்கொள்ளும். அந்த நொடியில் ஒரு பழைய சாரத்தை (கைலியை) எடுத்துக் கூண்டு முழுவதும் மூடிவிடுங்கள். இருட்டானதும் ஓரிரு நிமிடத்தில் அடங்கிப் படுத்துவிடும். கையால் தொடவே வேண்டாம்.

அறுவை முடிந்த ஆண் பூனையை மறுநாள் விடலாம். பெட்டைக்கு இரண்டு மூன்று நாள் ஓய்வு வேண்டும். விலாப்பக்கம் அறுத்துச் செய்யும் முறையில் தெருப்பூனைக்கு ஒரு வசதி உண்டு: காயம் எப்படி இருக்கிறது என்று தூரத்திலிருந்தே பார்த்துக்கொள்ளலாம், குட்டி பால் குடித்தாலும் தையலில் படாது.

● மயக்கத்தில் இருக்கும்போதே இடது காது நுனியை நேர்கோடாகச் சிறிது வெட்டிவிடுவார்கள். பல நாடுகளில் இதுதான் அடையாளம். காது வெட்டிய பூனையைக் கண்டால் அது யாருடைய பொறுப்பிலோ இருக்கிறது, மறுபடி அறுக்க வேண்டாம் என்று பொருள். ரோஸாக் கன்னத்தையும் நீலக் கண்ணையும் விட எனக்கு அழகாகத் தெரிவது அந்த மொட்டைக் காதுதான்.

● நாட்டிலேயே இரண்டு மீன்பிடித் தடைக்காலங்கள் பொருந்தும் மாவட்டம் கன்னியாகுமரி. சின்னமுட்டம் இருக்கும் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் முதல் நீரோடிவரை மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒவ்வொரு கரையிலும் 61 நாள்.

துறைமுகப் பூனைக்கு அது பஞ்ச காலம். மற்ற நாளில் ஏலக்கூடத்துக்கு வெளியே கழிவு மீன் கொட்டிக் கிடக்கும். வலை உதறும் இடத்தில் நெத்தோலியும் பொடிமீனும் சிதறும். தடை தொடங்கியதும் அது வெகுவாகக் குறைந்துவிடும். பசித்த பூனைகள் குடியிருப்புக்குள் நுழைவதும், அடுக்களைச் சட்டியை உருட்டுவதும், கல்லடி படுவதும் அப்போதுதான்.

என் பார்வையில் கருத்தடைக்கு இதைவிடத் தோதான காலம் இல்லை. பசியால் கூண்டுக்கு எளிதாக வரும். வண்டிப் போக்குவரத்தும் ஏலக் கூச்சலும் இல்லாத துறைமுகத்தில் கூண்டு வைப்பதும் சுலபம். முதலில் கிழக்குக் கரை, அது முடிகிற நேரத்தில் மேற்குக் கரை. ஒரே மருத்துவக் குழு, ஒரே கூண்டுகள், அடுத்தடுத்து இரு கரைகளையும் முடித்துவிடலாம். கடலோரத்தில் வேறெந்த மாவட்டத்துக்கும் இப்படியொரு வசதி அமையவில்லை.

● நாலு பூனைக்குச் செய்துவிட்டு நிறுத்தினால் பயனில்லை. ஒரு கூட்டத்தில் பத்தில் ஏழுக்கு மேல் கருத்தடை ஆனால்தான் எண்ணிக்கை இறங்கத் தொடங்கும். ஆகவே ஊர் முழுக்கத் தூவுவதைவிட, ஒரு துறை, ஒரு சந்தை, ஒரு தெரு என்று எடுத்துக்கொண்டு முழுதாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போவதே நல்லது.

● கடுவன் பூனைக்கு விரைகளை எடுக்காமல் விந்துக்குழாயை மட்டும் வெட்டும் முறையும் உண்டு. எல்லையைக் காக்கும் வீறாப்பு அப்படியே இருக்கும், புதுக் கடுவன்களை உள்ளே விடாது. அதனோடு இணைந்த பெட்டைக்கு ஆறு வாரம்வரை பொய்ச்சினை நிலை வரும், அதுவரை மறுபடி பருவத்துக்கு வராது. கணினி மாதிரிக் கணக்குகளில் இது கூடுதல் பலன் தருவதாக 2013-இல் ஓர் ஆய்வு சொன்னது. ஆனால் இரவில் சண்டையும் ஓலமும் குறையாது. குடியிருப்பு நடுவே இது சரிப்படாது என்றே நினைக்கிறேன்.

● அறுவையே இல்லாமல் ஒரே ஊசி? அமெரிக்காவின் சின்சினாட்டி விலங்குக் காட்சியகத்தில் ஆறு பெட்டைப் பூனைகளுக்கு ஒரு மரபணு ஊசி போட்டு இரண்டு ஆண்டு கவனித்தார்கள். ஆணோடு விட்டும் ஒன்றுகூடச் சினைப்படவில்லை. ஊசி போடாத மூன்றும் குட்டி போட்டன. 2023-இல் வெளியான முடிவு இது. இன்னும் சோதனை அளவில்தான் இருக்கிறது. வந்தால், அறுவை அரங்கமே இல்லாத ஊருக்கும் கருத்தடை போய்ச் சேரும்.

● சிங்கப்பூரில் 1989 முதல் 2024 வரை அரசு அடுக்குமாடி வீடுகளில் பூனை வளர்க்கத் தடை இருந்தது. தெருப்பூனைகளுக்கு 1998-இல் தொடங்கிய கருத்தடைத் திட்டத்தை 2003-இல் சார்ஸ் பீதியின் நடுவே கைவிட்டார்கள். தன்னார்வலர்கள் விடவில்லை. 2011-இல் கருத்தடை மீண்டும் வந்தது. 2024 செப்டம்பர் 1 முதல் ஒரு வீட்டுக்கு இரண்டு பூனைகளை உரிமத்தோடு வளர்க்கலாம். வீட்டுக்குள் இடம் கிடைத்தால் தெருவில் ஒன்று குறையும்.

● இத்தாலியில் 1991-இன் சட்டம் ஒன்று தெருப்பூனைக் கூட்டங்களைக் கொல்வதைத் தடை செய்கிறது. ரோம் நகரில் ஜூலியஸ் சீசர் குத்துப்பட்டு விழுந்த இடத்து இடிபாடுகளுக்கு நடுவே இன்றும் ஒரு பூனைக் காப்பகம் நடக்கிறது.

● பூனைக்குச் சோறு வைக்கிறவர்களுக்குச் சில செய்திகள். வெறும் மோர்ச்சோறு பூனைக்கு உணவாகாது. இறைச்சியிலும் மீனிலும் இருக்கும் டாரின் என்ற சத்து இல்லாவிட்டால் அதன் இதயம் வீங்கிச் செயலிழக்கும். 1987-இல் இது கண்டறியப்பட்டது. அதற்காகத் தினமும் பச்சைச் சாளையை மட்டுமே போடுவதும் தவறு. எண்ணெய் மீன் மட்டுமே தின்னும் பூனைக்கு வைட்டமின் ஈ குறைந்து தோலடிக் கொழுப்பு வீங்கி நோகும். மீனை அவித்து, முள்ளெடுத்து, சோற்றில் பிசைந்து, இடையிடையே முட்டையோ கோழிக்கழிவோ கலந்து வையுங்கள். தாயில்லாக் குட்டிக்குப் பசும்பால் வேண்டாம். வயிற்றுப்போக்கிலேயே செத்துவிடக்கூடும். பூனைக்குட்டிக்கென்று பால் மாவு கிடைக்கிறது.

பூனைக்குக் காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். அதை முறிக்கும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு இல்லை. ஒரு மாத்திரையே உயிரைக் குடிக்கும். நாய்க்கு உண்ணி போகத் தடவும் பெர்மெத்ரின் மருந்தும் பூனைக்கு விஷம்.

● பூனை கடித்தாலும் பிராண்டினாலும் நாய்க்கடிக்குச் செய்வதையே செய்ய வேண்டும். சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போய் வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். காசு வாங்க மாட்டார்கள். சூலிப்பெண் இருக்கும் வீட்டில் பூனையைத் துரத்திவிட வேண்டும் என்பதில் உண்மை இல்லை. டாக்ஸோபிளாஸ்மா கிருமியைப் பூனை பெரும்பாலும் வாழ்நாளில் ஒரே தடவை, ஓரிரு வாரம்தான் மலத்தில் வெளியேற்றும். அதுவும் ஒரு நாளுக்கு மேல் கிடந்தால்தான் தொற்றும். மலத்தை வேறொருவர் அன்றன்றே அள்ளிவிட்டால் போதும். காய்கறியைக் கழுவாமல் உண்பதிலும் அதே ஆபத்து இருக்கிறது.

● சுசீந்திரம்–தேரூர் குளங்களும் வேம்பனூரும் 2022-இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றன. தரையில் முட்டையிடும் பறவைக்குப் பூனை எமன். குளக்கரையில் பூனைக்குச் சோறு வைக்காதீர்கள், அங்கே பிடித்த பூனையை முடிந்தவரை வீடுகளுக்குக் கொடுங்கள். பூனை மேல் அன்பு இருப்பவர்களே இதை முதலில் சொல்ல வேண்டும்.

● வயலிலோ ரப்பர்த் தோட்டத்திலோ கிடக்கும் குட்டி வீட்டுப்பூனைக் குட்டியாக இல்லாமலும் இருக்கலாம். காட்டுப்பூனையும், முழு வளர்ச்சியிலும் ஒன்றரைக் கிலோவைத் தாண்டுவது அரிதான துரும்பன் பூனையும் தென்னிந்தியக் காட்டோர வயல்களில் குட்டி போடும். இவை 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டத்தால் காக்கப்பட்டவை. எடுக்காதீர்கள். தாய் அருகில்தான் இரை தேடிக்கொண்டிருக்கும். இரவுக்குள் வந்து கவ்விக்கொண்டு போய்விடும்.

● பேருந்து ஏறி முதுகெலும்பு நொறுங்கிய பூனைக்குக் கால்நடை மருத்துவர் போடும் கடைசி ஊசி கருணைதான். அதை எதிர்ப்பவர் யாருமில்லை. நடமாடும், இரை தேடும், குட்டியை நக்கிக்கொடுக்கும் ஒரு பூனையை எண்ணிக்கை கூடிவிட்டது என்பதற்காகக் கொல்வதற்கு அந்தப் பெயரைச் சூட்டக் கூடாது.

● நாகர்கோவிலிலிருந்து எட்டும் தூரத்தில், திருநெல்வேலி ராமையன்பட்டியில் 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மாவட்டம்தோறும் விலங்குவதைத் தடுப்புச் சங்கம் இருக்க வேண்டும் என்று 2001-இலிருந்து விதி இருக்கிறது. பொது இடத்தில் விலங்குகளுக்கு உணவிட இடமும் நேரமும் குறித்துக் கொடுக்க 2023 விதிகளில் வழி இருக்கிறது. கால்நடை பராமரிப்புத் துறை, மீன்வளத் துறை, மாநகராட்சி, கடலோர ஊர்ப் பங்குகள் ஆகியவை ஒருமுறை சேர்ந்து உட்கார்ந்தால், அடுத்த தடைக்காலத்திலேயே சின்னமுட்டத்தில் முதல் முகாமை நடத்திவிடலாம். அதைக் கேட்டு மாவட்ட ஆட்சியரின் திங்கள்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் ஒரு மனு கொடுங்கள். அதற்கு முன், உங்கள் வீட்டுப் பெட்டைக்கு ஐந்து மாதம் நிறையுமுன் கருத்தடை செய்துவிடுங்கள். யாராவது குட்டிகளைச் சாக்கில் கட்டிக்கொண்டு கடப்புறத்துக்குக் கிளம்பினால் கையைப் பிடித்து நிறுத்துங்கள்.